லாக்கடாங் மஞ்சளும் லாக்கடாங் கரியும்

ஷில்லாங்கில் வேலை பார்க்கும் தம்பி ஊருக்கு வந்தபோது ஒரு பாக்கெட் மஞ்சள்தூள் கொண்டுவந்தான். அம்மா கைப்பழக்கத்தில் எப்போதும் போடும் அளவைப் போட, முட்டைக்கோஸ் பொரியல் காவி வேட்டி நிறத்துக்கு வந்துவிட்டது. லேசான கசப்பு வேறு. "என்னடா இது, சாயப்பொடியா?" என்றார். மேகாலயாவின் ஜெயின்டியா மலையில் விளையும் லாக்கடாங் மஞ்சள் அது. மஞ்சளுக்கு அந்த நிறத்தைத் தரும் குர்குமின் சாதாரண மஞ்சளில் 2, 3 சதவீதம் என்றால் இதில் 7 சதவீதத்தை ஒட்டி இருக்கும். 2024இல் புவிசார் குறியீடும் வாங்கிவிட்டது.

லாக்கடாங் என்பது ஊர்ப் பெயர். நிலவியல் படித்தவர்களிடம் அந்தப் பெயரைச் சொன்னால் மஞ்சளைப் பற்றிப் பேச மாட்டார்கள். லாக்கடாங் மணற்கல் என்று ஒரு பாறை அடுக்கைச் சொல்வார்கள். நிலக்கரி அதில்தான் இருக்கிறது. மேலே மஞ்சள், அடியில் கரி, இரண்டுக்கும் ஒரே பெயர்.

போன ஜனவரியில் தம்பியோடு அந்தப் பக்கம் போனேன். ஜராயினில் குடுவைச் செடி பார்த்தோம். கூட வந்த பையன் ஒரு குடுவையை மெல்லச் சாய்த்துக் காட்டினான். உள்ளே ஒரு மடக்குத் தண்ணீர், அதில் இரண்டு எறும்பு, ஒரு கொசுவின் இறக்கை. மண்ணில் சத்துப் போதாததால் பூச்சி பிடித்துப் பிழைக்கிற செடி. இன்னும் திறக்காத குடுவையின் நீரைக் கண்ணில் விடுவது அங்கே பழைய வைத்தியமாம். காரோ மலைக்காரர்கள் இதை மேமாங் கோக்சி என்கிறார்கள், பேயின் கூடை என்று பொருள். அங்கே தானாக விளையும் காட்டு ஆரஞ்சுக்கும் பேய் ஆரஞ்சு என்றுதான் பெயர். (நம் வீட்டுப் பூந்துடைப்பத்தின் புல்லையும் பிரியாணிக்குப் போடும் பிரிஞ்சி இலையையும் மேகாலயா மலைகளில் பயிராகவே வளர்க்கிறார்கள். அதுவும் முழுக்க நல்ல சேதி இல்லை, துடைப்பப் புல்லுக்காகக் காட்டை வெட்டிய சரிவுகள் நிறைய.)

அப்புறம் சோனாப்பூர்ப் பக்கம் லூகா ஆறு. பேனா மையைக் கரைத்த மாதிரி நீலம். படத்தை ஸ்டேட்டஸில் வைத்தேன், "எந்த ரிசார்ட்?" என்று மூன்று பேர் கேட்டார்கள். குளிர்காலம் வந்தால் அந்த ஆறு அப்படி ஆகிவிடுகிறது, மீன்கள் செத்து மிதந்ததும் உண்டு. கரிச் சுரங்கங்களிலிருந்து வரும் அமிலத்தையும் சிமென்ட் ஆலைகளையும் காரணமாகச் சொல்கிறார்கள். மேகாலயா கரியில் கந்தகம் அதிகம். அதிலுள்ள பைரைட் (இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம்) காற்றும் தண்ணீரும் பட்டால் கந்தக அமிலமாகிறது. உலகத்திலேயே அதிகம் மழை பெய்யும் மலைத்தொடரில் தோண்டிப் போட்ட குழிகளை மூடாமல் விட்டால் அமிலத்துக்குப் பஞ்சமா?

கரிப்படுகை அங்கே மெல்லியது. அதனால் செங்குத்தாகக் குழி தோண்டி, அடியிலிருந்து பக்கவாட்டில் இரண்டு மூன்று அடி உயரத்துக்குத் துளை போட்டு, தவழ்ந்து போய் வெட்டுவார்கள். எலிவளைச் சுரங்கம். 2014 ஏப்ரலில் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் இதற்குத் தடை போட்டது. 2018 டிசம்பரில் அதே ஜெயின்டியா மலையில் க்சான் என்ற ஊரில் ஒரு சுரங்கத்துக்குள் ஆற்று வெள்ளம் புகுந்து 15 பேர் சிக்கினார்கள். தடைக்கு நாலரை வருஷம் கழித்து! ஒருவரைக்கூட உயிரோடு மீட்க முடியவில்லை.

நான் எழுத வந்தது இதைத்தான். "நிலம் மக்கள் கையில் இருக்கட்டும், இயற்கை தானே பிழைத்துக்கொள்ளும்" என்று இதே முகநூலில் எத்தனையோ முறை எழுதியவன் நான். ஜெயின்டியா மலையில் நிலம் மக்கள் கையில்தான் இருக்கிறது. அரசியலமைப்பின் ஆறாவது அட்டவணைப் பகுதி, அதாவது பழங்குடி மக்களுக்குத் தன்னாட்சி மன்றம் உள்ள இடம். நிலத்துக்கு அடியில் உள்ள கனிமமும் நிலக்காரருக்கே சொந்தம் என்று 2019இல் உச்ச நீதிமன்றமும் சொன்னது, முறைப்படி அனுமதி வாங்கித்தான் தோண்ட வேண்டும் என்ற நிபந்தனையோடு. அந்த ஓட்டைகளை வெளியூர்க் கம்பெனி வந்து போடவில்லை. நிலக்காரர்களே போட்டார்கள்.

அதே உரிமையை வைத்துக்கொண்டு நேர்மாறாக நடந்தவரும் உண்டு. இதே மேகாலயாவின் தோமியாசியாட்டில் யுரேனியம் எடுக்கக் கோடிக்கணக்கில் பணம் தருவதாகச் சொன்னபோது நிலத்தைத் தர மறுத்தவர் ஸ்பெலிட்டி லிங்டோ லாங்ரின். 2020இல் இறக்கும்வரை மனசு மாறவில்லை. ஜெயின்டியா மலைப் பக்கம் ட்ரினிட்டி சாயூ என்ற பள்ளி ஆசிரியை, நூற்றுக்கணக்கான பெண்களை லாக்கடாங் மஞ்சள் பக்கம் திருப்பிப் பத்மஸ்ரீ வாங்கினார்.

அதற்காக "கரியை விடு, மஞ்சளை நடு" என்று இங்கே உட்கார்ந்துகொண்டு எழுத எனக்கு வாய் வரவில்லை. கரி உடனே காசு. மஞ்சள் ஏப்ரலில் நட்டால் டிசம்பருக்கு மேல்தான் கையில் ஏதாவது பார்க்க முடியும். நடுவில் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் யார் கொடுப்பார்கள்?

என் கோபமெல்லாம் தண்ணீரைப் பற்றித்தான். நிலத்துக்குப் பட்டா உண்டு, அதிலிருந்து ஓடி வெளியேறும் அமிலத்துக்கு யார் பெயரில் பட்டா? அந்த 2014 தடைக்கு வழக்குப் போட்டவர்கள் மேகாலயாக்காரர்கள்கூட இல்லை. அசாமின் திமா ஹசாவ் மாவட்டத்து திமாசா மாணவர் சங்கம். அமிலத் தண்ணீர் கோபிலி ஆற்றில் இறங்கி, அங்குள்ள நீர்மின் நிலையத்தின் இரும்பையே அரித்துக்கொண்டிருந்தது. மேலே சுரங்கம் வேண்டுமா வேண்டாமா என்று ஊர்கூடிப் பேசிய இடத்தில் இவர்களுக்கு நாற்காலி போடவில்லை. கோர்ட்டுக்குப் போய்த்தான் பேச வேண்டியிருந்தது.

தம்பி மறுபடியும் பொங்கலுக்கு வருகிறான். அம்மா இரண்டு பாக்கெட் கேட்டிருக்கிறார், இனிமேல் கால் ஸ்பூன்தானாம். வரும்போது லூகாவை ஒரு படம் எடுத்துக்கொண்டு வா என்று நானும் சொல்லியிருக்கிறேன்.