திருத்தப்பட்ட எண் திரிக்கப்பட்ட எண் அல்ல

2025 ஆகஸ்ட் 1 அன்று அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவரப் பணியகம் வெளியிட்ட ஜூலை மாத வேலைவாய்ப்பு அறிக்கையில் பலரையும் அதிரவைத்தவை முந்தைய இரண்டு மாதங்களின் எண்களே. மே மாதத்தில் கூடியதாகச் சொல்லப்பட்டிருந்த 1,44,000 வேலைகள் 19,000 ஆகவும், ஜூனில் கூடியதாகச் சொல்லப்பட்டிருந்த 1,47,000 வேலைகள் 14,000 ஆகவும் குறைக்கப்பட்டிருந்தன. அன்றைய தினமே பணியகத்தின் ஆணையர் எரிகா மெக்கென்டார்ஃபரைப் பதவிநீக்கம் செய்ய அதிபர் டிரம்ப் உத்தரவிட்டார். எண்கள் திரிக்கப்பட்டன என்றார். ஆதாரம் எதையும் காட்டவில்லை. இது பெரும் அநீதி என்றே கருதுகிறேன்.

அந்த எண் எப்படிப் பிறக்கிறது என்று பார்த்தாலே திருத்தம் ஏன் தவிர்க்க முடியாதது என்பது விளங்கும். அலுவலகம், கடை, ஆலை என ஆறு லட்சத்துக்கும் அதிகமான வேலைத்தலங்களை உள்ளடக்கிய நிறுவனங்களிடமும் அரசு அலுவலகங்களிடமும், மாதத்தின் 12ஆம் தேதி அடங்கும் சம்பளக் காலத்தில் எத்தனை பேர் சம்பளப் பட்டியலில் இருந்தார்கள் என்று பணியகம் கேட்கிறது. முதல் மதிப்பீடு பெரும்பாலும் அடுத்த மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை வெளியாகிவிடும். வாரச் சம்பளம் தருபவர் உடனே பதில் சொல்லலாம். மாதச் சம்பளக் கணக்கை இன்னும் முடிக்காதவரால் முடியாது. இப்படி அண்மைக் காலத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குப் பதில்கள் வராத நிலையில், வராதவர்களும் வந்தவர்களைப் போலவே இருப்பார்கள் என்று கொண்டுதான் முதல் எண் கணக்கிடப்படுகிறது. அடுத்த இரண்டு மாதங்களில் பதில்கள் 90 விழுக்காட்டைக் கடக்கும்போது அந்த அனுமானம் பொய்த்தால், எண்ணை மாற்றாமல் விடுவதுதான் மோசடி.

பள்ளிகள் விடுமுறைக்கு மூடும்போது குறையும் வேலைகளை உண்மையான சரிவிலிருந்து பிரித்தறியும் பருவகாலச் சரிசெய்தலும், புதிய மாதத்தின் தரவு சேரச் சேரத் திரும்பக் கணக்கிடப்படுகிறது. மேற்சொன்ன ஜூன் திருத்தத்தில் மாநில, உள்ளாட்சி அரசுகளின் கல்வித் துறைக்குக் கணிசமான பங்கு இருந்தது.

ஆண்டுக்கொரு முறை நடக்கும் திருத்தம் இதனினும் ஆழமானது. நேற்றுத் தொடங்கிய நிறுவனம் பணியகம் கேள்வி கேட்கும் மாதிரிப் பட்டியலில் இருக்காது, மூடப்பட்ட நிறுவனம் பதில் அனுப்பாது. இவ்விரண்டையும் ஒரு கணக்கீட்டு முறையால் ஊகித்தே மாத எண்ணில் சேர்க்கிறார்கள். பொருளாதாரம் திசை மாறும் காலத்தில் இந்த ஊகம் எளிதில் பிசகும். வேலையின்மைக் காப்பீட்டு வரிக்காக நிறுவனங்கள் தாக்கல் செய்யும், 95 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட வேலைகளைக் காட்டும் பதிவேடுகள் பின்னர் கைக்கு வந்ததும், எல்லாம் அவற்றோடு ஒப்பிடப்படுகின்றன. 2024 மார்ச் மாத மொத்த வேலைகளின் எண்ணிக்கை 8,18,000 குறையும் என்று முதலில் அறிவிக்கப்பட்டது. முழுத் தரவு வந்தபின் அந்தக் குறைப்பு 5,98,000 ஆனது. திருத்தமே திருத்தப்பட்டதை யாரும் மறைக்கவில்லை.

திருத்தம் எப்போதும் கீழ்நோக்கியே செல்வதும் இல்லை. 2021 ஆகஸ்டில் 2,35,000 வேலைகள் கூடின என்ற முதல் அறிவிப்பு, இரண்டே மாதங்களில் 4,83,000 ஆக உயர்ந்தது.

முழுமையான எண்ணுக்காக ஓராண்டு காத்திருக்கலாமே என்போர், வட்டி விகிதத்தை இன்று முடிவுசெய்ய வேண்டிய மத்திய வங்கியை எண்ணிப் பார்க்க வேண்டும். என் குறை ஊடகங்கள் மீதுதான். மாத மாற்றத்தின் பிழை எல்லை 2025இல் கூட்டியும் குறைத்தும் 1,30,000 வேலைகளைத் தாண்டியது என்பதைப் பணியகமே வெளிப்படையாகச் சொன்னது. அந்த எல்லையையும் திருத்தப்பட்ட முந்தைய இரு மாதங்களையும் முதல் எண்ணின் பக்கத்திலேயே, அதே அளவு எழுத்தில் அச்சிடுங்கள்.