டப்பா சத்தம்

ஜெயிலுக்குள் எச்.ஐ.வி. மாத்திரையை நிறுத்திவிடுகிறவர்களில் பலர் மருந்து கிடைக்காமல் நிறுத்துவதில்லை. டப்பா குலுங்கும் சத்தத்துக்குப் பயந்து நிறுத்துகிறார்கள். முப்பது மாத்திரை போட்ட அந்த வெள்ளை பிளாஸ்டிக் டப்பா என்ன என்று பிளாக்கில் ஒருத்தருக்குத் தெரிந்தால் போதும், லாக்-அப் நேரத்துக்குள் எல்லோருக்கும் தெரிந்துவிடும். அப்புறம் தட்டு தனி, டம்ளர் தனி, படுக்க இடம் கக்கூஸ் ஓரம். அதைவிட மாத்திரையைக் கழிவறையில் போட்டுத் தண்ணீர் ஊற்றிவிடுவது சுலபம். கைதிகளின் தொற்றுநோயையும் மனநலத்தையும் இரண்டு தனித்தனி ஃபைலாக வைத்துக்கொண்டு பேசுகிறவர்கள் இந்த ஒரு காட்சியையாவது யோசித்துப் பார்க்க வேண்டும். இங்கே ரகசியம் போனால் முதலில் மனசு போகிறது, பின்னாலேயே மருந்து போகிறது.

இதைப் பேச வேலூருக்குக் கூடுதல் பொறுப்பு உண்டு. தொரப்பாடி மத்திய சிறை 1830-இல் கட்டியது என்பதற்காகச் சொல்லவில்லை. 1986-இல் இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலாகக் கண்டுபிடிக்கப்பட்டபோது, சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனின் வழிகாட்டுதலில் அவருடைய மாணவி நிர்மலா சேகரித்த ரத்த மாதிரிகள் சோதனைக்கு வந்தது நம்ம ஊர் சி.எம்.சி. மருத்துவமனைக்குத்தான். பாலியல் தொழில் செய்ததற்காகக் காவல் இல்லத்தில் அடைத்து வைக்கப்பட்டிருந்த பெண்களின் ரத்தம் அதில் இருந்தது. ஆக, இந்த நோயின் இந்தியக் கதையே அடைபட்டவர்களின் உடம்பிலிருந்துதான் தொடங்குகிறது. அவர்களின் ஒப்புதலைக் கேட்கச் சொல்ல அன்றைக்குச் சட்டமும் கிடையாது. இன்றைக்கு இருக்கிறது. 2017-ஆம் வருட எச்.ஐ.வி. சட்டம் 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் உள்ளது. ஒப்புதல் இல்லாமல் டெஸ்ட் கூடாது, ரிசல்ட்டை வெளியே சொல்லக் கூடாது, அரசின் காவலில் இருக்கிறவருக்குத் தடுப்பு, ஆலோசனை, பரிசோதனை, சிகிச்சை எல்லாம் உரிமை என்று அது சொல்கிறது.

சட்டம் இருந்தும் எங்கே கோட்டை விடுகிறோம்? முதல் நாளிலேயே. ரிமாண்டில் வந்தவர்களை வரிசையில் உட்கார வைத்து, "இன்னா மாத்திரை சாப்பிடறே?" என்று பத்துப் பேர் காதில் விழக் கேட்டால் "ஒண்ணும் இல்ல சார்" என்பதுதான் பதில். அதே கேள்வியைத் தனி அறையில், வார்டர் கதவுக்கு வெளியே நிற்கும்போது, மருத்துவரோ நம்பிக்கை மையத்து (எச்.ஐ.வி. ஆலோசனை, பரிசோதனை மையம்) கவுன்சலரோ கேட்க வேண்டும். அன்றைக்கு இல்லை என்றவரிடம் ஒரு வாரம் கழித்து இன்னொரு தடவையும் கேட்க வேண்டும். ரெண்டாவது தடவையில்தான் வாய் திறப்பார்கள்.

அந்த முதல் வாரம் வேறு விதத்திலும் ஆபத்தானது. தினம் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் முதல் நாளிலேயே கை நடுக்கம், ரெண்டு நாளைக்குள் வலிப்பு, ரெண்டிலிருந்து நாலு நாளுக்குள் மனக்குழப்பம் வரலாம். சுவரில் பூச்சி ஊர்கிறது என்பார், யாரோ கூப்பிடுகிறார்கள் என்பார். "நடிக்கிறான்" என்று தனி செல்லில் போட்டால் உயிரே போகும். தயமின் (வைட்டமின் பி1) ஊசியும், படிப்படியாகக் குறைக்கும் டயஸெபாம் மாதிரி மருந்தும் வேண்டும். வலிப்பு என்றதும் பழக்க தோஷத்தில் ஃபெனிடாயின் என்ற வலிப்பு மருந்தை எழுதிவிடுகிறவர்கள் உண்டு. குடி நிறுத்தியதால் வரும் வலிப்புக்கு அது பெரிதாக உதவாது. அதோடு அவர் எச்.ஐ.வி. மருந்து சாப்பிடுகிறவராக இருந்தால் அந்த மருந்தின் அளவை ரத்தத்தில் இறக்கிவிடும். கார்பமசெபைன் என்ற இன்னொரு வலிப்பு மருந்தும் அப்படியே. மறைத்து வைத்த ஒரு தகவல் இத்தனை தூரம் இழுக்கும்.

இனி மாத்திரை நேரம். முன்பு எச்.ஐ.வி.க்கு எஃபாவிரென்ஸ் என்ற மருந்தைக் கொடுத்தார்கள். கிறுகிறுப்பு, கெட்ட கனவு, சிலருக்கு மனச்சோர்வு. அதனால் ராத்திரி படுக்கும்போதுதான் போட வேண்டும். அதாவது பூட்டிய பிறகு, அத்தனை பேர் கண் முன்னால். இப்போது கொடுப்பது டெனோஃபோவிர் 300, லாமிவுடின் 300, டொலுடெக்ராவிர் 50 மில்லிகிராம் மூன்றும் சேர்ந்த ஒரே மாத்திரை. சாப்பாட்டுக்கு முன்னும் போடலாம், பின்னும் போடலாம், காலையிலேயே போடலாம். தூக்கம் வரவில்லை என்கிறவர்களுக்குக் காலைதான் நல்லது. இது பெரிய சலுகை, ஆனால் பல இடங்களில் பழைய ராத்திரிப் பழக்கத்தை விடவில்லை. பி.பி., சுகர், வலிப்பு, டி.பி. என்று எல்லா நோயாளிக்கும் காலையில் ஒரே ஜன்னலில், ஒரே மாதிரிக் காகிதக் கவரில் அன்றைய மாத்திரையைக் கொடுத்து, அங்கேயே தண்ணீரோடு விழுங்க வைத்தால், யார் எதற்குச் சாப்பிடுகிறார் என்று பக்கத்தில் நிற்பவருக்குத் தெரியாது. டப்பா மூடியோடு ஃபார்மசியிலேயே இருக்கட்டும், ஈரமும் படாது. ஒரு எச்சரிக்கை: அதே கவரில் வயிற்றெரிச்சலுக்கு ஆன்டாசிட், ரத்தசோகைக்கு இரும்புச்சத்து என்று சேர்த்துப் போட்டுவிடக் கூடாது. ஆன்டாசிட்டுக்கு ரெண்டு மணி நேரம் முன்போ ஆறு மணி நேரம் பின்போதான் டொலுடெக்ராவிர். இல்லாவிட்டால் மாத்திரை வயிற்றுக்குள் போயும் பாதி வீண்.

"எச்.ஐ.வி. இருக்கிறவங்கள எல்லாம் ஒரு பிளாக்ல தனியா வெச்சா பிரச்சினையே இல்லையே" என்று கேட்கிறவர்களுக்கு: இருக்கிறது. ஒரே தட்டில் சாப்பிட்டாலும் பக்கத்தில் படுத்தாலும் பரவாத நோய்க்கு எதற்குத் தனி பிளாக்? ரத்தத்தில் வைரஸ் கண்டுபிடிக்க முடியாத அளவுக்கு இறங்கிவிட்டால் உடலுறவு வழியாகவும் பரவாது. காற்றில் பரவுவது டி.பி. 'நோயாளி வார்டு' என்ற பெயரில் எதிர்ப்பு சக்தி குறைந்தவர்களையும் இருமுகிறவர்களையும் ஒரே கூரைக்குக் கீழே போடுவதைவிடக் கெடுதல் வேறில்லை. பிரிக்க வேண்டியது டி.பி. சந்தேகம் உள்ளவரைத்தான், அதுவும் சளி டெஸ்ட் முடிவு வந்து மருந்து வேலை செய்யத் தொடங்கும் வரை. எச்.ஐ.வி. உள்ளவரிடம் ஒவ்வொரு தடவையும் நாலு கேள்வி: இருமல், காய்ச்சல், எடை குறைவு, ராத்திரி வியர்வை. வேலூர் வெயிலில் எல்லோருக்கும்தான் வியர்க்கிறது என்று நாலாவதைத் தள்ளிவிடுகிறார்கள். சட்டை பிழியும் அளவுக்கு நனைகிறதா, பக்கத்தில் படுத்தவருக்கும் அப்படியா என்று கேட்டால் வித்தியாசம் தெரிந்துவிடும்.

டி.பி.யும் சேர்ந்துவிட்டால் ரிஃபாம்பிசின் என்ற டி.பி. மருந்து காரணமாக டொலுடெக்ராவிர் 50 இன்னொன்று, 12 மணி நேரம் கழித்துப் போட வேண்டும். ரிஃபாம்பிசின் நிறுத்திய பிறகும் ரெண்டு வாரம். அந்த ரெண்டாவது மாத்திரை மறுபடியும் பூட்டிய நேரத்தில் போய் விழும், பழைய டப்பா சத்தம் திரும்ப வரும். சாயங்காலம் பூட்டுவதற்கு முன் கொடுத்துவிட்டு, காலை வேளையையும் அதற்கேற்ப முன்னால் நகர்த்துவதுதான் வழி. ஐசோநியாசிட் என்ற இன்னொரு டி.பி. மருந்தோடு பைரிடாக்ஸின் (வைட்டமின் பி6) கொடுக்காமல் விட்டால் கால் எரியும். அபூர்வமாகச் சிலருக்குப் புத்தி பேதலிப்பும் வரும். மருந்தால் வந்ததை 'ஜெயில் வாசம்' என்று எழுதிவிட்டுப் போகிறார்கள்.

மனச்சோர்வைக் கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு வேண்டாம். கடந்த ரெண்டு வாரமாக எதிலும் ஆர்வமில்லையா, மனசு தாழ்ந்தே கிடக்கிறதா என்ற ரெண்டு கேள்வி போதும், ஆம் என்றால் டாக்டரிடம் அனுப்பலாம். வார்டர்கள் கவனிக்க வேண்டியது வேறு: சாப்பாட்டை அடுத்தவருக்குக் கொடுப்பது, மனு பார்க்க (கைதியைச் சந்திக்க) ஆள் வந்தும் வரமாட்டேன் என்பது, துணிமணியைப் பங்கு போடுவது. அந்த ஆளைத் தனி செல்லில் போடுவது பாதுகாப்பு இல்லை, நேர் எதிர். மனச்சோர்வுக்குச் செர்ட்ராலின் மாத்திரை கொடுத்தால் டொலுடெக்ராவிரோடு சண்டை கிடையாது, ஆனால் பலன் தெரிய ரெண்டு முதல் நாலு வாரம் ஆகும் என்று முதலிலேயே சொல்லாவிட்டால் அஞ்சாம் நாளே நிறுத்திவிடுவார்கள். தொரப்பாடிக்குப் பக்கத்திலேயே பாகாயத்தில் சி.எம்.சி. மனநல மையம் 1957 முதல் இருக்கிறது. நோயாளியோடு குடும்பத்து ஆள் ஒருவர் கூடவே தங்க வேண்டும் என்பது அங்கே பழைய ஏற்பாடு. ஜெயிலில் தங்க முடியாதுதான். ஆனால் புதிதாக பாசிட்டிவ் என்று தெரிந்த ஒருவருக்கு அந்த மாதமாவது கூடுதலாக ஒரு மனுவோ ஒரு போன் அழைப்போ கொடுப்பதற்கு என்ன செலவு?

அடுக்கம்பாறை அரசு மருத்துவமனைக்கு மாத்திரைக்கோ வைரல் லோடு (ரத்தத்தில் வைரஸ் அளவு) டெஸ்டுக்கோ அழைத்துப் போகும்போது விலங்கோடு ஏ.ஆர்.டி. (எச்.ஐ.வி. கூட்டு மருந்து சிகிச்சை) வரிசையில் நிற்க வைப்பதும் இதே கதை. எஸ்கார்ட் போலீசுக்குத் துறையின் பெயர் தெரிய வேண்டியதில்லை, "ஓ.பி. சீட்டு" என்றால் போதும்.

கடைசியாக ஜாமீன். ஆர்டர் சாயங்காலம் வரும், ஆள் அரை மணியில் கேட்டுக்கு வெளியே, மாத்திரை ஃபார்மசியில். ஹெபடைடிஸ் பி-யும் இருக்கிறவர் இந்த மருந்தைத் திடீரென்று நிறுத்தினால் கல்லீரல் கொந்தளித்துவிடும், ஊரில் "வெளிய வந்ததும் குடிச்சான், காமாலை" என்பார்கள். அதனால் விசாரணைக் கைதி ஒவ்வொருவருக்கும், ஜாமீன் வருமோ வராதோ, ஒரு மாத மாத்திரையும் ஏ.ஆர்.டி. எண் எழுதிய கடிதமும் ஒட்டிய உறைக்குள் அவருடைய சொந்தத் துணிப்பையோடு கேட்டில் தயாராக இருக்க வேண்டும். குடியாத்தத்திலோ ஆம்பூரிலோ இருக்கும் வீட்டுக்காரர்கள் மனுவுக்குப் போகும்போது ஏ.ஆர்.டி. புத்தகத்தின் ஜெராக்ஸை சிறை டாக்டர் பெயரிட்ட மூடிய கவரில் கொடுங்கள், கேட்டில் யாரிடமும் விளக்கிக்கொண்டிருக்காதீர்கள். எச்.ஐ.வி. சந்தேகங்களுக்கு 1097, மனசு சரியில்லை என்றால் 14416. ரெண்டுக்கும் காசு கிடையாது.