67க்குப் பிறகு 14
ஜெர்மனியில் சிறு நாடுகளை ஆண்ட ராய்ஸ் குடும்பத்தைப் பற்றிய கட்டுரை ஒன்று, 72ஆம் ஹைன்ரிஷ் என்றால் அவருக்கு முன் 71 பேர் அரியணையில் இருந்தார்கள் என்று சொல்வது தவறு. அந்த எண் ஆட்சி வரிசை இல்லை, பிறப்பு வரிசை. புனித ரோமப் பேரரசர் ஆறாம் ஹைன்ரிஷ் நினைவாக இந்த வீட்டில் எல்லா ஆண் குழந்தைக்கும் ஹைன்ரிஷ் என்றே பெயர். நாடாளப்போகிறவனோ, தொட்டிலிலேயே இறந்தவனோ, எல்லோருக்கும் எண் உண்டு. 1564 பாகப்பிரிவினைக்குப் பின் வந்த கிளைகளில், கிரைட்ஸ் ஊரை ஆண்ட மூத்த கிளை 100 வரை எண்ணிவிட்டு மறுபடி 1இல் தொடங்கும் முறையை வைத்திருந்தது. கேரா ஊரை ஆண்ட இளைய கிளையோ ஒவ்வொரு நூற்றாண்டிலும் புதிதாக 1 போடும். அதனால்தான் 1789இல் பிறந்த 67ஆம் ஹைன்ரிஷுக்குப் பிறகு, அடுத்த நூற்றாண்டில் பிறந்த அவர் மகன் 14ஆம் ஹைன்ரிஷ் 1867இல் பட்டத்துக்கு வந்தார்! எண்ணை மட்டும் வைத்துத் தேடினால் ஆள் மாறிவிடும். அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒரு வாசகர், சிம்பொனி எழுதிய 24ஆம் ஹைன்ரிஷ்தான் கிரைட்ஸின் கடைசி இளவரசர் என்கிறார். இசையமைத்தவர் இளைய கிளையின் ஒரு பிரிவான கோஸ்ட்ரிட்ஸைச் சேர்ந்தவர், 1855–1910. கிரைட்ஸ்காரர் 1878இல் பிறந்து 1927இல் இறந்தவர். இவருடைய தங்கை ஹெர்மீனைத்தான் நாடுகடந்து வாழ்ந்த கைசர் இரண்டாம் வில்ஹெல்ம் 1922இல் மணந்தார். கிளை, பிறந்த ஆண்டு இரண்டையும் சேர்த்துக் குறித்தால் இந்தக் குழப்பம் வராது. இசை என்றால் கட்டுரையில் விட்டுப்போன ஒருவரைச் சொல்லவேண்டும்: தந்தை இறந்தபின் 1572இல் பிறந்ததால் போஸ்துமுஸ் எனப்பட்ட ஹைன்ரிஷ். தன் சவப்பெட்டியில் பொறிக்கவேண்டிய பைபிள் வசனங்களை உயிரோடு இருக்கும்போதே தேர்ந்தெடுத்து வைத்தவர். அவற்றுக்குத்தான் ஜெர்மன் இசையமைப்பாளர் ஹைன்ரிஷ் ஷூட்ஸ் இசையமைத்தார், 1636 இறுதிச் சடங்குக்காக.