கே.பி. சுந்தராம்பாள் பாடுவதையே நிறுத்திவிட்டாரா?

‘கணவரும் நாடக நடிகருமான எஸ்.ஜி. கிட்டப்பா இறந்ததும் கே.பி. சுந்தராம்பாள் வெள்ளைச் சேலைக்கு மாறினார், அதன்பின் நடிக்கவும் இல்லை, பாடவும் இல்லை, எந்த விருதும் பெறாமலே மறைந்தார்’ என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இதில் வெள்ளைச் சேலை மட்டும்தான் உண்மை.

கிட்டப்பா மறைந்தது 1933-இல். அந்த இழப்பு அவரை முடக்கிப்போட்டது, மறுக்கவில்லை. ஆனால் அவருடைய சினிமா வாழ்க்கையே அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. 1935-இல் வந்த ‘பக்த நந்தனார்’ படத்தில் நந்தனாராக, ஆண் வேடத்தில், அவரே நடித்தார். அதற்கு ஒரு லட்சம் ரூபாய் சம்பளம் என்பது அந்தக் காலத்தில் ஊரே வாய்பிளந்த சேதி. அப்புறம் 1940-இல் ‘மணிமேகலை’, 1953-இல் ஜெமினி ஸ்டுடியோவின் ‘ஔவையார்’, 1964-இல் ‘பூம்புகார்’.

1965-இல் வெளிவந்த ‘திருவிளையாடல்’ பார்த்திருப்பீர்களே! மாம்பழம் கிடைக்காமல் கோபித்துப் போன முருகனை, நெற்றி நிறையத் திருநீறும் கையில் கோலுமாக நின்று பாடிச் சமாதானம் செய்வாரே, அந்த ஔவை இவர்தான். அப்போது வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. உச்சத்தில் குரல் துளியும் பிசிறவில்லை. இந்தப் பெண்மணியைப் போய் ‘பாடுவதை நிறுத்தியவர்’ என்று எழுதுவது மனதை வருத்துகிறது.

விருது விஷயமும் தவறு. ‘துணைவன்’ படத்துக்காக 1969-ஆம் ஆண்டின் சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது, 1970-இல் பத்மஸ்ரீ. மத்திய அரசின் பத்ம விருதுப் பட்டியலிலும் தேசியத் திரைப்பட விருதுப் பட்டியலிலும் பெயர் இருக்கிறது, யாரும் பார்க்கலாம்.

அந்தச் செய்தி உங்களுக்கு வந்தால் தயவுசெய்து யாருக்கும் அனுப்பாதீர்கள். அனுப்பியவரிடமும் சரியான விவரத்தைச் சொல்லுங்கள்.