எத்தனை பர்சன்ட் என்று கேட்பதை முதலில் விடுங்கள்

அமெரிக்காவில் எச்1பி என்கிற வேலை விசாவுக்கு ஸ்பான்சர் செய்கிற கன்சல்டிங் கம்பெனியில் சேரப் போகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "எழுபதா, எண்பதா, எத்தனை பர்சன்ட் தருவாங்க?" என்பதுதான். எனக்கு அந்தக் கேள்வியே பிடிக்காது. கிளையன்ட் தரும் மணிக்கணக்குக் காசில் பங்கு பேச ஆரம்பித்துவிட்டால், கிளையன்ட் இல்லாத மாதம் சம்பளமும் இல்லை என்று நீங்களே ஒத்துக்கொண்ட மாதிரிதான்.

சட்டம் அப்படி இல்லை. எல்சிஏ என்று ஒரு விண்ணப்பத்தை கம்பெனி தொழிலாளர் துறையில் தாக்கல் செய்கிறது, அதில் உங்கள் வேலை, வேலை செய்யும் ஊர், சம்பளம் மூன்றும் இருக்கும். ப்ராஜெக்ட் இல்லை என்று அவர்கள் உங்களைப் பெஞ்சில் உட்கார வைத்தாலும் அந்தச் சம்பளத்தைக் கொடுத்தாக வேண்டும். எச்1பியில் புதிதாக நாட்டுக்குள் வந்தவருக்கு, வேலை தொடங்காவிட்டாலும், அதிகபட்சம் 30 நாளில் சம்பளம் ஓட ஆரம்பிக்க வேண்டும். இங்கேயே இருந்தபடி வேறு விசாவிலிருந்து எச்1பி ஸ்டேட்டஸுக்கு மாறியவருக்கு 60 நாள். சொந்தக் காரணத்துக்காக நீங்களாக லீவு கேட்டால் அது வேறு கணக்கு. "மார்க்கெட் டல்லா இருக்கு, ரெண்டு மாசம் பொறுங்க" என்பது அந்தக் கணக்கில் வராது. அப்படிப் பொறுத்துக்கொண்டால் நஷ்டம் இரண்டு மாதச் சம்பளத்தோடு நிற்பதில்லை. நாளைக்கு வேறு கம்பெனிக்கு டிரான்ஸ்ஃபர் போடும்போது பே ஸ்டப் (சம்பளச் சீட்டு) கேட்பார்கள், டபிள்யூ-2 என்கிற வருடச் சம்பளக் கணக்குப் படிவத்தில் உள்ள தொகை எல்சிஏவை விடக் குறைவாக இருந்தால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்.

அதனால் கையெழுத்துக்கு முன்பே எல்சிஏவைப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். இன்னும் தாக்கலே ஆகவில்லை என்றால் எந்த ஊர், என்ன சம்பளம் போடப் போகிறார்கள் என்பதையாவது எழுத்தில் வாங்குங்கள். வேலையில் சேரும் நாளுக்குள் அதன் நகலை உங்களுக்குத் தர வேண்டியது அவர்கள் கடமை, சலுகை இல்லை. 2015ல் சிமியோ என்ற கம்பெனியின் வழக்கில் வந்த குடியேற்ற முடிவுக்குப் பிறகு, வேலை எல்சிஏவில் உள்ள வட்டாரத்தைத் தாண்டி வேறு ஊருக்கு மாறினால் திருத்திய மனு போட வேண்டும் என்பதால், ஊர்ப்பெயரும் சும்மா விஷயமில்லை.

போன மாதம் தெரிந்த பையன் ஒருவன் தன் ஆஃபர் லெட்டரை அனுப்பியிருந்தான். முதல் பக்கத்தில் நல்ல சம்பளம், இன்சூரன்ஸ், கிரீன் கார்டு எல்லாம் இருக்கிறது. மூன்றாம் பக்கத்தில் பொடி எழுத்தில், சம்பளம் "பில்லிங் தொடங்கும் நாளிலிருந்து", அதாவது கிளையன்ட் காசு தர ஆரம்பித்த பிறகுதான். அதற்குக் கீழேயே, பதினெட்டு மாதத்துக்குள் விலகினால் 15,000 டாலர். பார்த்த உடனே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். முன்கூட்டிப் போனதற்கு அபராதம் போடக் கூடாது என்று விதி இருக்கிறது, ஆனால் உண்மையான நஷ்டத்துக்கு ஈடாக முன்பே பேசி வைத்த தொகையை சில மாநிலச் சட்டங்கள் ஒத்துக்கொள்ளும். ஆகவே "பாண்டெல்லாம் செல்லாது மச்சி" என்று யாராவது சொன்னதை நம்பிக் கையெழுத்துப் போடாதீர்கள். வக்கீலிடம் ஒரு மணி நேரம் காட்டுவதற்கு ஆகும் செலவு, அந்த 15,000 பக்கம்கூட வராது.

விசா செலவு விஷயம் சுருக்கமாக. மனுவோடு கம்பெனி கட்ட வேண்டிய பயிற்சிக் கட்டணம் என்று, கம்பெனியின் அளவைப் பொறுத்து, 750 அல்லது 1,500 டாலர் உண்டு, அதை உங்களிடம் எந்த வழியிலும் வாங்கக் கூடாது. 2025 செப்டம்பரில் வந்த அமெரிக்க அதிபரின் அறிவிப்பு, வெளிநாட்டில் இருப்பவர்களுக்கான புது மனுக்களுக்கு 1,00,000 டாலர் கட்டணம் என்றது. அதற்குப் பிறகும் ஒருவர் "கொஞ்சம் பணம் கட்டுங்க, மத்ததை நாங்க பார்த்துக்கிறோம்" என்றால் போனை வைத்துவிடுங்கள்.

ரெஸ்யூமேயில் இல்லாத அனுபவத்தைச் சேர்க்கச் சொல்கிறார்களா? அங்கேயே எழுந்து வந்துவிடலாம். பொய்த் தகவல் கொடுத்து விசா வாங்கியதாக முடிவானால் வாழ்நாள் தடை வரைக்கும் போகும். கம்பெனிக்காரர் வேறு பெயரில் வேறு கடை திறந்துகொள்வார், உங்கள் பெயர் மட்டும் ரெக்கார்டில் நிற்கும்.

அப்புறம், குடியேற்றத் துறையின் தளத்தில் ஒவ்வொரு கம்பெனிக்கும் எத்தனை எச்1பி மனு ஏற்கப்பட்டது, எத்தனை தள்ளுபடி ஆனது என்று தேடலாம். தொழிலாளர் துறை, வேண்டுமென்றே விதி மீறியவர்களின் பட்டியலை வெளியிடுகிறது. அதை விட முக்கியம், அங்கே பெஞ்சில் இருந்த ஒருவரிடம் பேசுவது. எச்ஆர் கைகாட்டும் ஆளிடம் இல்லை, நீங்களே தேடிப் பிடித்த ஆளிடம்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்களுக்கு: தொழிலாளர் துறையில் டபிள்யூஎச்-4 என்று புகார்ப் படிவம் இருக்கிறது, மீறல் நடந்து 12 மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். பே ஸ்டப், ஐ-797 (மனு ஏற்கப்பட்டதற்கான அறிவிப்பு), எல்சிஏ, வாட்ஸ்அப் பேச்சு எல்லாவற்றையும் இன்றைக்கே சொந்த மெயிலுக்கு அனுப்பி வையுங்கள்.