அலைனர் முடிந்தாலும் ரிட்டெய்னர் வேண்டும்

பல்லை நேராக்கப் போட்ட கம்பி கிளிப்பைக் கழற்றியவர்களுக்குத்தான் ரிட்டெய்னர் (நேராக்கிய பல் திரும்பாமல் பிடித்துவைக்கும் கருவி) தேவை, அலைனர் (பல்லை நகர்த்தும் பிளாஸ்டிக் உறை) போட்டவர்களுக்கு அது வேண்டாம் என்று இங்கே ஒருவர் எழுதியிருக்கிறார். திருகோணமலையில் பிள்ளைகளுக்கு எதைப் போடலாம் என்று யோசிக்கிற பெற்றோரும் படிப்பதால் சொல்கிறேன்: தயவுசெய்து இதை நம்பி முடிவெடுக்க வேண்டாம். இரண்டு முறைக்கும் ரிட்டெய்னர் அவசியம்.

பல்லை நகர்த்தியது கம்பியா பிளாஸ்டிக்கா என்பது எலும்புக்குத் தெரியாது. நகர்ந்த பல்லைச் சுற்றியுள்ள நார்கள் புதிய இடத்துக்குப் பழகச் சில மாதங்கள் எடுக்கும். முரசில் (ஈறில்) உள்ள மீள்தன்மை நார்களுக்கு ஒரு வருடம்கூடப் போதாமல் போகலாம். அதுவரை அவை பல்லைப் பழைய இடத்துக்கே இழுக்கும். திருகியிருந்த கீழ் முன்பற்கள்தான் முதலில் திரும்பும். அதனால்தான் அவற்றின் உட்பக்கம் மெல்லிய கம்பியை ஒட்டிவிடுகிறார்கள்.

சரிபார்ப்பது சுலபம். அலைனர் விற்கிற இன்விசலைன் நிறுவனமே விவேரா என்ற பெயரில் ரிட்டெய்னர் விற்கிறது, அவர்களுடைய தளத்தில் பாருங்கள். ரிட்டெய்னர் போடுகிற யாரையாவது கேளுங்கள்: சில நாள் விட்டுப் போட்டால் இறுக்கும். பல் அசைந்திருக்கிறது என்பதற்கு அதுவே அடையாளம்.

சிகிச்சை தொடங்குமுன்பே ரிட்டெய்னர் செலவும் கட்டணத்துக்குள் வருகிறதா என்று வைத்தியரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கழற்றும் வகையென்றால் சுடுநீரில் கழுவவோ, நம்மூர் வெயிலில் பூட்டிய வாகனத்துக்குள் வைக்கவோ கூடாது, வளைந்துவிடும்.