நாலு பழைய டப்பாவா, ஒரே பெட்டியா?

"சார், ரிச்சி ஸ்ட்ரீட்ல செகண்ட் ஹேண்ட் டெஸ்க்டாப் சல்லிசா கெடைக்குது. நாலு வாங்கிப் போட்டா வேலை முடிஞ்சது. அந்த விர்ச்சுவல் சமாச்சாரமெல்லாம் நமக்கெதுக்கு?"

சின்ன ஆபீஸ்களுக்கு கம்ப்யூட்டர் பார்த்துக் கொடுக்கிற என்னிடம் அடிக்கடி வரும் கேள்வி. இன்றைக்கும் ஒருவர் கேட்டார். விர்ச்சுவல் என்றால், வேலைக்கொரு மெஷின் வாங்காமல், ஒரே மெஷினுக்குள் பல கம்ப்யூட்டர்கள் தனித்தனியாக இருப்பதுபோல் சாஃப்ட்வேரால் ஓட்டுவது.

கேள்வியில் தப்பில்லை. கூகுளே 1999-ல் விலை மலிவான மதர்போர்டுகளைத் தட்டுத் தட்டாக அடுக்கித்தான் ஓட்டியது. ஆனால் ஒன்று படுத்தால் இன்னொன்று வேலையை எடுத்துக்கொள்ளும்படி புரோகிராம் எழுத அங்கே ஆள் இருந்தது. நம்ம ஆபீஸில் கணக்கு சாஃப்ட்வேரான டேலி ஓடும் மெஷின் படுத்தால் பக்கத்து மெஷின் சும்மா பார்த்துக்கொண்டிருக்கும். போன் எனக்கு வரும்.

கரண்ட் கணக்கைப் போட்டுப் பாருங்கள். பழைய டெஸ்க்டாப் ஒன்று 60 வாட் இழுத்தால், நாலும் ராப்பகலாக ஓட மாதம் 170 யூனிட்டைத் தாண்டும். 32 ஜிபி ராம் போட்ட ஒரே மெஷினில் இப்படி விர்ச்சுவலாக ஓட்ட உதவும் ப்ராக்ஸ்மாக்ஸ் சாஃப்ட்வேரை ஏற்றி, அது 70 வாட்டில் ஓடினால் 50 யூனிட். யுபிஎஸ்ஸும் ஒன்றே போதும்.

எனக்கு அதைவிடப் பெரிய விஷயம் ஸ்னாப்ஷாட், அதாவது விர்ச்சுவல் மெஷினின் அந்த நேரத்து நிலையை அப்படியே பிடித்து வைப்பது. ராத்திரி அப்டேட் போடுவதற்கு முன் ஒரு ஸ்னாப்ஷாட். சொதப்பினால் பழைய நிலைக்குத் திருப்பிவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம். தனி மெஷினில் சொதப்பினால் விடியும்வரை பென்டிரைவும் கையுமாக உட்கார வேண்டியதுதான்.

இடைஞ்சலும் உண்டு. பழைய மெஷினோடு கம்பெனியே போட்டுக் கொடுத்த ஓஇஎம் விண்டோஸ் லைசென்ஸ் அந்த மெஷினோடு சரி. விர்ச்சுவலுக்குத் தனியாக வாங்க வேண்டும். யுஎஸ்பி டாங்கிள், அதாவது சாவி மாதிரி மெஷினில் செருகி வைக்கிற குட்டிக் கருவி, கேட்கிற பழைய சாஃப்ட்வேர் இருந்தால் அது வேறு தலைவலி. சிசிடிவி ரெக்கார்டிங்கை நான் இதற்குள் கொண்டுவருவதே இல்லை. நாள் முழுக்க டிஸ்க்கில் எழுதிக்கொண்டே இருந்து மற்றதையெல்லாம் இழுத்துப் பிடிக்கும்.

ஒரு முறை நானே செய்த மடத்தனம்: மூன்று விர்ச்சுவல் சர்வரும் ஒரே எஸ்எஸ்டி டிஸ்க்கில். பேக்கப்பும் அதே எஸ்எஸ்டியில்! திங்கட்கிழமை காலை அது செத்தது. தனித்தனி மெஷினாக இருந்திருந்தால் ஒன்றுதான் போயிருக்கும். பில் புக்கைப் பார்த்து ஒரு வாரம் டைப் அடித்தோம். அந்த ஓனர் என்னைத் திட்டவில்லை, அதுதான் இன்னும் உறுத்துகிறது.

அதனால் இன்றைக்குக் கேட்டவரிடம் நாலு வேண்டாம், இரண்டு வாங்குங்கள் என்றேன். ஒன்று நல்லதாக, எல்லாவற்றையும் விர்ச்சுவலாக ஓட்ட. இன்னொன்று நீங்கள் சொன்ன அதே ரிச்சி ஸ்ட்ரீட் டப்பா. வேறு அறையில், ராத்திரி பேக்கப் எடுக்க மட்டும்.

"அப்ப அந்த டப்பா பகல்ல சும்மாதானே இருக்கும்?" என்கிறார்.